கடைசி வண்டி முன்னே போன நாள்

"சீட்டக்கா" என்று மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் அவரிடம் மெல்ல நெருங்கி, குரலைத் தாழ்த்தி, "மாசச் சீட்டாக்கா, ஏலச் சீட்டாக்கா?" என்று விசாரிப்பது உண்டு. காதில் செருகியிருக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்தபடி அவர் சொல்வார்: "நான் போடுற சீட்டுல உக்காரலாம். எடுத்துக்கிட்டு ஓட முடியாது."

கார், ஜீப், லாரி, எதுவானாலும் அதன் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். டயர்க் கடையும் பேட்டரிக் கடையும் தகரம் தட்டும் பட்டறையும் வரிசையாக இருந்த தெருவில், உயரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் அவருடைய தையல் மெஷின் இருந்தது. ஒரு சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், இன்னொரு சுவரோரம் ஃபோம் அடுக்கு. கழற்றிக் கொண்டுவந்த பழைய உறையைப் புரட்டிப் பார்த்தே அதில் உட்கார்ந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார். "இவரு பின் பாக்கெட்ல தடியா பர்ஸ் வச்சிருக்காரு. கோபக்காரரு. பாருங்க, கதவுப் பக்கம் முழங்கையால இடிச்சு இடிச்சே தேச்சிருக்காரு." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போனால், "அப்போ அவரு பொண்டாட்டி ஓட்டியிருப்பாங்க," என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

இத்தனை வண்டிகளுக்குள் புகுந்து புறப்பட்டவர், ஐம்பது வயது தாண்டும்வரை ஒரு ஸ்டீயரிங்கையும் திருப்பியது கிடையாது. பிறந்த வீட்டில் மூன்று அண்ணன்கள் இருந்தார்கள். எந்த வண்டியானாலும் இவருக்குப் பின் இருக்கைதான். புகுந்த வீட்டில் கணவரே டிரைவர். அதுவும் சாதாரண டிரைவரா? நகரப் பேருந்தை ஓய்வுபெறும்வரை ஓட்டிய மனிதர். அவர் வளைவில் திருப்பினால் நின்றுகொண்டிருக்கிற பயணிகூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார் என்று அவர் பணிமனையில் பேச்சு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை "டிரைவர்" என்றே அழைத்தார்கள். வீட்டுக்குள் அவர் ஒரு அரசர் என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டிக்குள் ஏறிவிட்டால் அரசர்தான். அரசர் இருக்கும்போது அரசி எதற்கு ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும்?

தொட வேண்டிவந்தது பெரிய அண்ணனால். அவர் நில அளவையாளராக இருந்தவர். காடு, மேடு, கரம்பு என்று அளந்து திரிய ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். கண்பார்வை மங்கியதும் ஒருநாள் அந்த ஜீப்பைத் தங்கை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"விக்க மனசு வரல. நீ வச்சுக்கோ. இதோட சீட்டை நாலு தடவ தச்சவ நீதானே," என்றார் போனில்.

"எனக்கு ஓட்டத் தெரியாதேண்ணா."

"அது ஓடும். நீ சும்மா உக்காந்திருந்தா போதும்."

டிரைவர் அந்த ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். ஒருமுறை ஓட்டியும் பார்த்தார். கிளட்ச் கடினம், ஸ்டீயரிங் ஆட்டம், கியர்த்தண்டு ஒன்றுக்கு இரண்டு. "இது வண்டியா, தகர டப்பாவா?" என்று சாவியை மேசையில் போட்டுவிட்டார். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று சீட்டக்கா மனதுக்குள் நினைத்துக்கொண்டார், வெளியே சொல்லவில்லை. மறுநாள் ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டுநர் தேர்வில் முதல்முறை தோற்றார். இரண்டாம்முறையும் தோற்றார். எதிரே காகம் நடந்தால்கூட பிரேக் போட்டார் என்பதுதான் குற்றம். மூன்றாம்முறை காகம் எதுவும் வரவில்லை போலிருக்கிறது, உரிமம் கையில் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவார், வருவார். போகும்போது இரண்டு திருப்பம், வரும்போது இரண்டு திருப்பம். அவ்வளவுதான் அவருடைய உலகச் சுற்றுலா.

எதிர்ப்புறத்து டயர்க் கடைக்காரரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். கப்பலிலா, படையிலா என்று கேட்டால், பள்ளிக்கூடத்து வாலிபால் அணியில் என்பார். தார் ரோட்டைவிட்டு இறங்கியே பழக்கமில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வண்டியில், நகரத்துக்கு வெளியே பண்ணை நிலங்களின் வழியாக ஒரு பகல் ஓட்டம் கூட்டிப்போவது அவருக்குப் பிடித்தமான வேலை. ஒருநாள் அவர் சீட்டக்காவின் ஜீப்பைக் குனிந்து பார்த்தார். நாலு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் இயக்கும் அந்த இரண்டாவது கியர்த்தண்டில் சீட்டக்கா கைப்பையை மாட்டியிருந்தார்.

"அக்கா, இது பை மாட்டுற கொக்கி இல்லக்கா. சிங்கத்தைப் புடிச்சுக் காய்கறி வாங்க அனுப்புற மாதிரி இருக்கு நீங்க பண்றது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்ககூட வாங்க."

"ஐயோ, நானா? சேத்துல, மேட்டுல எல்லாமா?"

"எல்லாம் சின்னப் புள்ள கூடப் போற பாதைதான். வழுக்கினா வழுக்கும், நின்னா இழுத்துவிடுவோம். கடைசி வண்டியா வாங்க. உங்களை யாரும் பின்னாலேர்ந்து அவசரப்படுத்த மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் சீட்டக்காவை வீழ்த்தியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்னால் ஹாரன் அடிக்க ஆளே இல்லாத ஒரு பாதை!

வீட்டில் சொன்னதும் டிரைவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "வண்டியை நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாரு."

"பேரு குடுத்தது நான். நீங்க வேணா பக்கத்துல உக்காருங்க."

அவர் ஒரு நிமிடம் மனைவியைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பிறகு, "யாராவது ஒருத்தர் கூட வரணுமில்ல," என்று தன்னை விட்டுக்கொடுக்காமல் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் வண்டிகள் கூடின. முன்னால் கேப்டனுடைய வண்டி. அதன் மூக்கில் இழுவைக் கம்பி சுற்றிய உருளை. நடுவில் நாலைந்து வண்டிகள். சீட்டக்காவுக்கு நேர் முன்னால் ஒரு பல் டாக்டர், ஷோரூம் வாசனைகூடப் போகாத புத்தம் புது வண்டியோடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார்கள். அப்போதுதான் மண்ணைப் பிடித்துப் போகுமாம். டிரைவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டயரில் காற்றுக் குறைந்தால் பணிமனையில் விளக்கம் கேட்பார்களே!

கேப்டன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று சத்தமாகச் சொன்னார்: "பயிர் மேல சக்கரம் படக் கூடாது. எந்த வேலிக் கதவைத் திறந்தாலும் கடைசி வண்டி மூடிட்டு வரணும், இல்லேன்னா மாடு ரோட்டுக்கு வந்துரும். ஸ்டீயரிங்குக்கு உள்ள கட்டைவிரலை விடாதீங்க, கல்லுல சக்கரம் ஏறினா ஸ்டீயரிங் வெட்டிச் சுத்தும், விரலை ஒடிச்சிரும். இறக்கத்துல கிளட்சை மிதிக்காதீங்க, பிரேக்கையும் விட்டுருங்க. கீழ் கியர்ல விட்டா இன்ஜினே புடிச்சுக்கும்."

'பிரேக்கை விட்டுருங்க' என்றதும் சீட்டக்காவுக்கு அந்தக் காகம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் பார்த்தார். டிரைவர் கேப்டனை முறைத்துக்கொண்டிருந்தார்.

பாதை ஒரு மரக் கதவில் தொடங்கியது. எல்லா வண்டிகளும் நுழைந்தபின் டிரைவர் இறங்கிக் கதவை மூடிக் கொக்கியை மாட்டிவிட்டு ஓடிவந்து ஏறினார். கதவுக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல், வெட்டிய தாள்கள் வெயிலில் மின்ன, கண்ணுக்கெட்டியமட்டும் விரிந்து கிடந்தது. வேலியோரமாக இரண்டு சக்கரத் தடங்கள். ஜீப் அந்தத் தடத்தில் இறங்கியதும் உள்ளே இருந்த எல்லாமே ஆடின. தண்ணீர்ப் புட்டி ஆடியது, கண்ணாடி ஆடியது, டிரைவரின் கன்னம் ஆடியது. சீட்டக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் தைத்த உறைகளின் ஓரத் தையல் ஏன் அப்படிப் பிரிகிறது என்று இத்தனை வருஷம் யோசித்ததற்கு இதோ பதில், உடம்போடு வந்து சேர்கிறது!

"மெதுவா, மெதுவா, மெதுவா," என்றார் டிரைவர்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா நடந்து போறவங்க முந்திருவாங்க."

முதல் சேற்றுப் பள்ளம் வந்தது. முன்னால் போன டாக்டர் பயந்து நடுவில் காலை எடுத்துவிட, அவருடைய புது வண்டி மூச்சுத்திணறி நின்று, அப்புறம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஒருவழியாக ஏறியது. ஜீப்பின் முன் கண்ணாடி முழுவதும் சேறு. சீட்டக்கா துடைப்பானைப் போட்டார். சேறு அரைவட்டமாக விலகி உலகம் மறுபடி தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்திருந்தார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. ஜீப் ஒரு பக்கம் நழுவியது, இன்னொரு பக்கம் நழுவியது, பிறகு நாலு காலாலும் பிடித்துக்கொண்டு ஒரு எருமை குளத்திலிருந்து ஏறுவதுபோல ஏறிவிட்டது.

"ஏறிட்டோம்!" என்று கத்தினார் சீட்டக்கா. "ஏறிட்டோங்க!"

பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை டிரைவரின் கால் மிதித்து மிதித்து, ரப்பர் விரிப்பு சுருண்டு முன்னால் போய்விட்டிருந்தது. அதைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்து வந்தது களிமண் சரிவு. மேலிருந்து பார்த்தால் பாதை அப்படியே மடிந்து கீழே போய்விட்டதுபோலத் தெரிந்தது. சீட்டக்கா இரண்டாவது தண்டைப் பின்னால் இழுத்தார், கீழ் கியரைப் போட்டார், இரண்டு கால்களையும் தூக்கித் தரையில் தட்டையாக வைத்தார். எதிரே காகம் நடந்தாலே பிரேக் போடும் பெண்! இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. ஜீப் ஒரு கிழவரை ஏணியிலிருந்து இறக்குவதுபோல நிதானமாக அவரை இறக்கிவிட்டது. கீழே வந்ததும் அவர் கண்ணில் தண்ணீர். பயத்தினால் இல்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சரிவைத் தாண்டி இன்னொரு கதவு. அதற்கப்பால் இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை எழும்பிய ஒடுக்கமான பாதை மேட்டை நோக்கிப் போயிற்று. மேட்டின்மேல் பண்ணையின் களஞ்சியம். அங்கேதான் மதியச் சாப்பாடு. வரிசை ஒன்றன்பின் ஒன்றாக மேலேறியது. சீட்டக்கா கதவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நுழைந்து, டிரைவர் கதவை மூட இறங்குவதற்குள், முன்னால் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன.

அப்போதுதான் முதல் பூசணிக்காய் வந்தது.

டாக்டரின் வண்டிக்கும் மண்கரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், ஆரஞ்சு நிறத்தில், குண்டாக, யாரோ அனுப்பிவைத்த விருந்தாளிபோல உருண்டு வந்து ஜீப்பின் சக்கரத்தில் மெல்ல முட்டி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் நாலைந்து. பிறகு ஒரு பட்டாளமே. சில தாண்டின, சில மோதி வெடித்தன, ஒன்று எங்கும் நிற்காமல் கதவைத் தாண்டிக் கீழே வயலுக்கே போய்விட்டது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்," என்றார் டிரைவர், காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்து. "இத்தனையை எங்க கொண்டுபோய் மறைக்கிறது?"

வாக்கி-டாக்கியில் கேப்டன் குரல் வந்தது. மேலிருந்து பூசணி ஏற்றிக்கொண்டு இறங்கிய டிராக்டர் திருப்பத்தில் கரையில் ஏற, அது இழுத்துவந்த பின்வண்டி பாதைக்குக் குறுக்கே கவிழ்ந்துவிட்டது. டிராக்டரை ஓட்டிய பண்ணைக்காரம்மாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பாதை அடைத்துவிட்டது. இழுவைக் கம்பி கேப்டனிடம்தான் இருக்கிறது; பின்வண்டியை நிமிர்த்தாமல் அவரால் நகர முடியாது.

"மேகத்தைப் பாருங்க எல்லாரும்," என்றார் கேப்டன்.

பார்த்தார்கள். மேட்டுக்குப் பின்னாலிருந்து கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது.

"மழை வந்துட்டா இந்த ஒடுக்குல நின்னுட்டு இருக்க முடியாது. நாம இறங்கி வந்த களிமண் சரிவும் நனைஞ்சிட்டா ஏற விடாது. கீழ்ப் பாதைன்னு ஒண்ணு இருக்காம், ஓடையைத் தாண்டிக் களஞ்சியத்துக்குப் பின்னால வந்து சேருமாம். எல்லாரும் பின்னாலேயே போய், கதவுக்கிட்ட வயல்ல திரும்பிக்கங்க. கடைசி வண்டி யாரு? சீட்டக்காவா? அக்கா, இனிமே நீங்கதான் முதல் வண்டி."

சீட்டக்கா வாக்கி-டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏதோ தவறான வீட்டுக்கு வந்துவிட்ட தந்திபோல இருந்தது.

டிரைவர் கதவுப் பிடியில் கை வைத்தார். "நகரு. நான் ஓட்டறேன்."

இந்த இடத்தில் அவர் நகர்ந்திருக்கலாம். நகர்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். "வேண்டாங்க," என்றார் சீட்டக்கா. "பின்னால மட்டும் பார்த்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். டிரைவர் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிச்சு, வரலாம்," என்று சொல்ல, ஜீப் பூசணிகளுக்கு நடுவே நெளிந்து வேலிக் கதவைக் கடந்து வயலில் திரும்பி நின்றது. பின்னாலேயே டாக்டர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லா வண்டிகளின் முகங்களும் இப்போது சீட்டக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கேப்டனின் வாக்கி-டாக்கியைப் பண்ணைக்காரம்மா வாங்கி வழி சொன்னார். "வேலியோரமாவே போங்க. வெள்ளைக் குதிரை நிக்கும். குதிரை நிக்கிற இடத்துல திரும்பிருங்க."

சீட்டக்கா கிளம்பினார். வேலி வந்தது. வேலி நீண்டது. வேலி இரண்டாகப் பிரிந்தது. குதிரை மட்டும் இல்லை.

"குதிரையக் காணோமேம்மா!"

"ஐயையோ, அது மேயப் போயிருக்கும்," என்றார் பண்ணைக்காரம்மா, குதிரையின் சார்பில் வருத்தம் தெரிவிப்பவர்போல. அதற்குள் மேட்டு மறைவில் கரகரப்பு கூடி, அவர் குரல் அறுந்து போயிற்று.

டிரைவர் ஒரு பக்கம் கை காட்டினார், சீட்டக்காவுக்கு இன்னொரு பக்கம்தான் சரி என்று பட்டது. அந்தப் பக்கத்துத் தடம் அகலமாக, அடிக்கடி வண்டி போன மாதிரித் தெரிந்தது. அவர் தன் பக்கமே திருப்பினார். பின்னால் அத்தனை வண்டிகளும் நம்பிக்கையோடு திரும்பின. தடம் ஒரு புதரைச் சுற்றியது, ஒரு கொட்டகையைச் சுற்றியது, நேராக ஒரு முற்றத்தில் போய் முடிந்தது. முற்றம் முழுக்க வாத்துகள். வாத்துகள் ஜீப்பைப் பார்த்தன. பிறகு ஒரே குரலில் திட்டத் தொடங்கின.

ஒவ்வொரு வண்டியாக உள்ளே வந்து நின்று முற்றமே நிறைந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியை இறக்கி, "அக்கா, சாப்பாடு இங்கேயா?" என்றார்.

சீட்டக்காவுக்குக் காது மடல் சூடானது. இப்படி ஒன்று நடந்துவிடுமோ என்றுதானே இத்தனை வருஷம் எதிலும் முன்னால் நிற்காமல் இருந்தார்! தோற்ற இரண்டு தேர்வுகளின்போதும் வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்துகொண்டவர் அவர். இப்போதோ போர்வை இல்லை, வாத்துகள்தான் இருந்தன. அதில் ஒன்று ஜீப்பின் படியில் ஏறி அவர் முகத்துக்கு நேராகக் கழுத்தை நீட்டி ஒரு கேள்வி கேட்டது. அவர் சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். பின்னால் ஒரு வண்டியிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

"தப்பா வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க!" என்று வாக்கி-டாக்கியில் சொன்னார் சீட்டக்கா. "இப்போ சரியான தப்பைப் பண்ணப் போறேன், எல்லாரும் பின்னாலயே வாங்க."

டிரைவர் 'நான் அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தையை வாய்வரை கொண்டுவந்து, என்ன நினைத்தாரோ, விழுங்கிவிட்டார். அவர்களுடைய மணவாழ்க்கையில் அது சின்ன விஷயம் இல்லை.

மறு தடம் சரியான தடம். அது ஒரு சரிவில் இறங்கி ஓடையில் போய் நின்றது. ஓடை அகலமில்லை, ஆனால் பழுப்பாக, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் பாதை புல்மேட்டில் ஏறிக் களஞ்சியத்தின் தகரக் கூரைவரை போவது தெரிந்தது. முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது.

சீட்டக்கா வண்டியை நிறுத்தினார். ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது, அவ்வளவு அவருக்குத் தெரியும். இறங்கிப் பார்க்கலாம் என்று அவர் கதவைத் திறப்பதற்குள், பக்கத்துக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

டிரைவர் ஓடைக்கரையில் நின்று கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டிருந்தார். மழை நாளில் பேருந்தைவிட்டு இறங்க வேண்டுமென்றால் நிழற்குடையை ஒட்டி நிறுத்துகிற மனிதர். காலணிகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். வேலியோரம் கிடந்த ஒரு கொம்பை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க! ஆழம் தெரியாம காலை விடாதீங்க!"

"காலை விட்டாத்தானே ஆழம் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இறங்கினார். "யம்மா!" என்றார், குளிரில். கொம்பால் குத்திக் குத்தி, காலால் தடவித் தடவி நடந்தார். தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இங்க கல்லு கெட்டியா இருக்கு, அந்தப் பக்கம் பள்ளம்," என்று கத்தினார். அக்கரை ஏறி, திரும்பி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினார். பேருந்தில் இருந்த காலமெல்லாம் யாரோ ஒரு கண்டக்டரின் குரலுக்குக் காத்திருந்து வண்டியை நகர்த்தியவர், இப்போது தானே அந்தக் குரலை எடுத்தார். ஓடை முழுவதும் கேட்டது.

"போலாம், ரைட்!"

சீட்டக்கா இறங்கினார். தண்ணீர் சக்கரத்தைப் பிடித்தது, படியைத் தொட்டது, காலடியில் தகரத்தில் சலசலவென்று பேசியது. முன்னால் ஒரு சின்ன அலை ஜீப்பின் வேகத்திலேயே நகர்ந்து போனது. அந்த அலையை முந்தவும் கூடாது, விடவும் கூடாது. "என்னைப் பாரு, என்னையே பாரு!" என்று அக்கரையில் டிரைவர் கைகாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கல்லில் ஏறி ஜீப் சாய்ந்தது. ஸ்டீயரிங் வெட்டியது, கட்டைவிரல்கள் வெளியே இருந்ததால் பிழைத்தன. அப்புறம் முன்சக்கரங்கள் கரையைக் கவ்வின. தண்ணீரைச் சொட்டிக்கொண்டு ஜீப் எழுந்து வந்தது. சீட்டக்கா என்னவோ கூவினார். அது வார்த்தையே இல்லை.

"நிறுத்தாத! மேல போ! பின்னால வர்றவங்களுக்கு இடம் விடு!" என்று கத்தினார் டிரைவர்.

சீட்டக்கா போனார். புல் நனைந்து வழுக்கியது. சக்கரம் ஒருமுறை சுழன்றது. காலைக் கொஞ்சம் தளர்த்தினார், பிடித்துக்கொண்டது. பாதிமேட்டில்தான் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தார். சுருண்ட ரப்பர் விரிப்பு மட்டும் அங்கே கிடந்தது. பட்டறைக்குத் தனியாகப் போய்வந்ததெல்லாம் ஒரு கணக்கா? இந்த மேடு, இந்த மழை, முன்னால் ஒரு வண்டியும் இல்லாத இந்தப் பாதை, இதுதான் தனியாக ஓட்டுவது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். மழை உள்ளே வந்து முகத்தில் அடித்தது. அடிக்கட்டுமே!

களஞ்சியத்தின் வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு மேட்டு விளிம்புக்கு ஓடிவந்து கீழே பார்த்தார். ஒவ்வொரு வண்டியாக ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மழையில் தொப்பலாக நனைந்த ஒரு மனிதர் கொம்பை வீசி, "வா, வா, வா, ஒடிச்சு வா டாக்டரே, பயப்படாதீங்க, போலாம் ரைட்!" என்று ஆடாத ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். வீட்டில் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறவரா இவர்? கடைசி வண்டி ஏறியதும் அதன் படியில் தொற்றிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மேலே வந்து சேர்ந்தார். பேருந்தில் படியில் தொங்கியவர்களை அவர் எத்தனை பேரைத் திட்டியிருப்பார் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு நினைவில்லை.

பின்வண்டியை நிமிர்த்திவிட்டுக் கேப்டனும் பண்ணைக்காரம்மாவும் வந்தபோது, களஞ்சியத்துக்குள் வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் பேசினார்கள். வாத்து முற்றத்தைப் பற்றி டாக்டர் கையை விரித்துச் சொல்ல, பண்ணைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கதான் குதிரை நின்னிருக்கும், கொட்டகைக்குப் பின்னால. நீங்க பார்க்கல?"

கேப்டன் சீட்டக்காவின் பக்கத்து வைக்கோல் கட்டில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, அடுத்த ஓட்டத்துக்கும் நீங்க கடைசி வண்டியா வரணும்."

சீட்டக்காவின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னார்: "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரையும் நடுவுல போட்டுருவேன். பின்னால ஒரு தைரியமான ஆள் வேணும். வழி மாறினா சிரிச்சுட்டுத் திரும்பி வர்ற ஆளா இருக்கணும்."

தைரியமான ஆள் என்று இன்னொருவர் வாயால் தன்னைக் கேட்பது சீட்டக்காவுக்கு அதுவே முதல்முறை. அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு, பல் நடுங்க, "அவங்க வருவாங்க. நானும் வருவேன், ஓடைக்கு ஆள் வேணாமா?" என்றார்.

அன்று தார் ரோட்டுக்கு ஏறியதும் டயர்களில் காற்றை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் சீட்டக்கா தான் இறங்கிய சரிவைப் பற்றியும், டிரைவர் தான் கண்டுபிடித்த பள்ளத்தைப் பற்றியும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் ஏறவே இல்லை. இருவருக்கும் அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கேப்டனின் ஓட்டம் எப்போது நடந்தாலும், வரிசையின் வாலில் அந்தப் பழைய ஜீப் இருக்கும். சேற்றில் நின்றுபோன வண்டிகளுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருக்கும். புதிதாக வந்தவர்கள் சரிவின் விளிம்பில் தயங்கி நிற்கும்போது, சீட்டக்கா இறங்கிப் போய் அவர்கள் ஜன்னலில் சாய்ந்து, "இறக்கத்துல இன்ஜின் புடிச்சுக்கும்மா, நீ சும்மா உக்காந்திரு," என்று சொல்லிவிட்டு வருவார். பட்டறையிலும் அவருக்கு வேலை கூடியது. மேடு பள்ளத்தில் ஓடுகிற வண்டிகளுக்கு ஓரத் தையலை இரட்டையாகப் போட ஆரம்பித்தார்.

டிரைவர், கடைக்குப் போய் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்தார். புதிது, காலைக் கடிக்கும், போட்டுப் பழக்க வேண்டும் என்று காலையும் மாலையும் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார். கீழ் வீட்டுக்காரர் மேலேறி வந்து, "என்ன சார், வீட்ல குதிரை ஏதாவது வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.